மகாய்முராவில் சிவப்புப் பிசாசை எப்படித் தாண்டுவது?

காப்காம் நிறுவனம் 1985-இல் ஆர்கேடுக்கு (காசு போட்டு ஆடும் இயந்திரம்) விட்ட கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் கேமை (ஜப்பானியப் பெயர் மகாய்முரா) ஆடுகிறேன், நெஸ் என்ற நின்டெண்டோ வீட்டுக் கேம் கருவிக்கான பதிப்பில். கல்லறையில் எழும் பிணங்கள்கூடப் பரவாயில்லை, ஆனால் முதல் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிவப்புப் பிசாசு, நான் ஈட்டியை வீசினால் விலகுகிறது, கவசத்தைப் பிடுங்கி என் வீரன் ஆர்தரை ஜட்டியோடு ஓடவிடுகிறது. வழி உண்டா?

பதில் 1:
அந்தப் பிசாசின் பெயர் ரெட் அரீமர்தானே, எல்லோரையும் அழவைத்தவன். தூரத்தில் நின்று தரைக்கு இறங்கி வரும்வரை காத்திருங்கள், பாய்ந்து வரும்போது சுட்டால் விழுவான். குதித்தபின் நடுவானில் திசை மாற்ற முடியாது, அதனால் அவசரப்பட்டுக் குதிக்காதீர்கள். கத்தி கிடைத்தால் விடாதீர்கள், தீப்பந்தம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பதில் 2:
அவனுக்கு 1990-இல் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியில் கார்காயில்ஸ் குவெஸ்ட் என்று தனி கேமே வந்தது, அதில் அவன்தான் நாயகன்!

பதில் 3:
இன்னொன்று, முடித்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எல்லாம் சாத்தானின் மாயை என்று சொல்லி முதலிலிருந்து அனுப்பிவிடும், இரண்டாவது சுற்று இன்னும் கடினம். கடைசியில் கேடயம் கையில் இல்லாவிட்டால் ஐந்தாம் கட்டத்துக்கே திரும்ப வேண்டும். என்னைக் கேட்டால் இது சுத்த அநியாயம்.

கேட்டவர்:
இரண்டு தடவையா?! சரி, முதலில் இவனைத் தாண்டுகிறேன்.