பொருள்: முடிவு உயரமா, துணிவுயரமா? செவ்வாய்க்குள் வேண்டும்

டீச்சர், பந்திங் (மலேசியா):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியில் அடுத்த வாரம் தொழில் கண்காட்சி. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள், மூடுபனியில் சரக்கு விமானிகள் எப்படித் தரையிறங்குகிறார்கள் என்று ஒரு பலகை செய்கிறார்கள். ஓடுதளம், காண்தொலைவு எல்லாம் சமாளித்துவிட்டேன். 'டிசிஷன் ஹைட்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன்; ஓடுதளம் தெரிகிறதா என்று பார்த்து, இறங்குவதா மேலே ஏறிவிடுவதா என்று விமானி தீர்க்க வேண்டிய உயரம் அது. 'முடிவு உயரம்' என்று எழுதினேன். ஒரு மாணவி, "டீச்சர், அங்க போனா கதை முடிஞ்சிருமா?" என்கிறாள். செவ்வாய்க்கிழமை பலகை அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

வாத்தியார் (பணி ஓய்வு):

பிள்ளை கேட்டது சரிதானே அம்மா? ஆராய்ந்து தெளிவதற்குத் தமிழில் துணிதல் என்று சொல் இருக்கிறது. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது', குறள் 671. முடிவு, துணிவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே வேறுபாட்டைக் காட்டிவிட்டார். ஆகவே துணிவுயரம். தாழ்ச்சி என்பதற்குக் காலநீட்டிப்பு என்று உரை சொல்வார்கள். தாழ்வான நிலையில் தங்காதே என்றும் கொள்ளலாம் என்பது என் எண்ணம். தாழ், தாழ்வு, தாழ்வாரம், தாழ்ப்பாள் என்று அந்த வேரைப் பிடித்துப் போனால் இன்னும் நிறைய இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

முன்னாள் கிராணி (தோட்டத்து எழுத்தர்):

வாத்தியாரே, வள்ளுவரைக் காக்பிட்டில் ஏற்றிவிட்டீர்கள்! இன்றைய பிள்ளைக்குத் துணி என்றால் கொடியில் காயப்போடுவது. தீர்மான உயரம் என்று போடுங்கள். வடமொழி என்று யாரும் கம்பைத் தூக்க வேண்டாம். வருமானம், தேய்மானம் மாதிரி தீர் + மானம்தான்.

பால்மரக் காலத்தில், ரப்பர் தோட்டத்தில், மழை பெய்த விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் வாளியோடு நிற்பார்கள். மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், மரப்பட்டையைத் தடவிப் பார்ப்பார். ஈரப் பட்டையில் வெட்டினால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும். வெயில் ஏறும்வரை நின்றால் பால் குறையும். 'வெட்டு உண்டு', 'வெட்டு இல்லை', அவ்வளவுதான். அதற்குக் கலைச்சொல் கேட்டு யாரும் கடிதம் எழுதவில்லை.

விமானி:

டீச்சர், நான் வாத்தியாரிடம் அடி வாங்கிப் படித்தவன், சரக்கு விமானம் ஓட்டுகிறேன். எங்களுடையது ராத்திரிப் பிழைப்பு. பொட்டலம் விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். காற்றில்லாத தெளிந்த இரவில் தரை குளிர்ந்து மூடுபனி கட்டுவதும் அந்த நேரத்தில்தான்.

ஓடுதளத்துக் கருவிகள் இரண்டு வானொலிக் கற்றைகளை அனுப்பும். ஒன்று நடுக்கோட்டைக் காட்டும், மற்றது சுமார் 3 பாகைச் சரிவை. இப்படி இறங்குவதில் மூன்று வகை. முதல் வகையில் 200 அடி வரை இறங்கலாம். அங்கே ஓடுதள விளக்காவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஏறிவிட வேண்டும். இரண்டாம் வகையில் 100 அடி, காண்தொலைவு 300 மீட்டர் போதும். மூன்றாம் வகையில் தானியங்கியே சக்கரத்தைத் தரையில் வைக்கும். எங்கள் வேலை அதைக் கண்காணிப்பது. காண்தொலைவு வரம்புக்குக் கீழே போய்விட்டால் 1,000 அடிக்குக் கீழே இறங்கவே தொடங்கக்கூடாது என்பது தனி விதி.

200 அடியிலிருந்து தரைக்குப் பதினைந்து, பதினேழு நொடி. அங்கே போய் யோசிக்க முடியாது. எது தெரிந்தால் இறங்குவது, தெரியாவிட்டால் எப்படி ஏறுவது என்று முன்பே பேசி வைத்திருப்போம். அந்த உயரம் வந்ததும் 'மினிமம்ஸ்' என்று குரல் கேட்கும். பதில் ஒன்று 'கன்டினியூ' (தொடர்ந்து இறங்கு) அல்லது 'கோ-அரவுண்ட்' (மேலே ஏறிவிடு). "இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போமே" என்கிற ஆள்தான் எங்களுக்குப் பயம். அதனால், மன்னியுங்கள் ஐயா, துணிவு வேண்டாம். குறளில் அது தெளிவாக இருக்கலாம், பந்திங்கில் அது துணிச்சல்.

ஜொகூர் அன்பர்:

கெடுவுயரம்? கெடு என்றால் தவணை, நல்ல தமிழ். அப்புறம், நம் பிள்ளைகள் மூடுபனியை எங்கே பார்த்தார்கள்? புகைமூட்டம் என்று எழுதினால் உடனே புரியும். 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலையே அறிவித்தார்கள்.

டீச்சர்:

கெடுவுயரம் என்று மாட்டினால் பெற்றோர் என்னைக் கெடுத்துவிடுவார்கள் ஐயா. 'எல்லை உயரம்' என்றால் எப்படி?

விமானி:

எல்லை என்றால் சுவர் போல நினைப்பார்கள். கோ-அரவுண்ட் கொடுத்த நொடியே விமானம் ஏறிவிடாது; கொஞ்சம் தாழ்ந்துதான் எழும். மிகத் தாழ்வில் என்றால் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டுக்கூட எழும், அதுவும் கணக்கில் சேர்த்ததுதான். புகையும் மூடுபனியும் ஒன்றல்ல, ஒன்று தூசு, ஒன்று நீர்த்துளி. ஆனால் அந்த வானொலிக் கற்றைக்கு இரண்டும் ஒன்றுதான்.

டீச்சர்:

மற்றவர்கள் அனுப்பியதையும் சேர்த்து மாலை வரை எண்ணியதில் 'முடிவெடு உயரம்' நான்கு, 'தீர்மான உயரம்' மூன்று, 'துணிவுயரம்' ஒன்று. முடிவெடு உயரம் என்றே அனுப்பிவிட்டேன். அந்த மாணவியிடம் காட்டினேன், "ஓ, அங்க வச்சு முடிவெடுக்கணும்" என்றாள். எனக்கு அது போதும்.

வாத்தியார்:

என் மறுப்பைப் பதிவு செய்யவும். முடிவெடு உயரம் வினைத்தொகை. ஊறுகாயைப் போல மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கும்: எடுத்த, எடுக்கின்ற, எடுக்கும். தம்பி சொல்வதைப் பார்த்தால் அந்த உயரத்தில் எதிர்காலத்துக்கு இடமே இல்லை.

விமானி:

சரி ஐயா. இன்னொன்று சொல்ல மறந்தேன். மூன்றாம் வகையில் சில விமானங்களுக்கு அந்த உயரமே கிடையாது. ஒன்று பழுதானாலும் மீதி தானியங்கிகள் இறக்கிவிடும் என்பதால் விளக்கு தெரிய வேண்டிய கட்டாயமில்லை. அங்கே 'அலர்ட் ஹைட்' என்று வேறொன்று வைத்திருக்கிறோம்: அதற்கு மேலே பழுது வந்தால் ஏறிவிடுவோம், கீழே வந்தால் தொடர்ந்து இறங்குவோம்.

வாத்தியார்:

விழிப்புயரம். காரணம் நாளை எழுதுகிறேன்.

டீச்சர்:

ஐயா, பலகையில் இடமில்லை.