சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை சபை: என்ன எழுதுவது?

கேள்வி:
போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன். வீட்டில் நான் ஒருத்திதான் விசுவாசி. சாதிச் சான்றிதழில் "இந்து ஆதிதிராவிடர்" என்று இருக்கிறது. குரூப் 4 எழுதப் பதிவு செய்ய உட்கார்ந்தால், மதம் என்ற கட்டத்தில் கை ஓடவில்லை. "இந்து என்றே இருக்கட்டும்மா, கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார்" என்கிறார் பாஸ்டர். அப்பாவோ, "அம்பேத்கர் வாங்கித் தந்ததைத் தூக்கி எறிகிறாயா?" என்று கேட்டதோடு சரி, என்னோடு பேசுவதே இல்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பொய் எழுத மனசு வரவில்லை. மாற்றினால் என்னென்ன போகும்?

பதில் 1:
எஸ்சிக்கான 18 சதவீத ஒதுக்கீட்டை விட்டு பிசியின் 26.5 சதவீதத்துக்குள் வருவீர்கள். கட்-ஆஃப் ஏறும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. ஆனால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் தமிழக அரசு தருகிறது. மறைப்பதும் ஆபத்து. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு எஸ்சி சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண்ணின் மனுவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பதில் 2:
தங்கச்சி, நான் மாற்றியவள். மனு கொடுத்தபோது விஏஓ பேப்பரை என் பக்கமே தள்ளினார். "எல்லாரும் இந்துன்னுதான் வெச்சிருக்காங்க, உனக்கு மட்டும் என்னம்மா?" என்றார். நான் பேப்பரைத் திரும்ப அவர் முன்னால் வைத்தேன். அப்புறம் எஸ்சி கட்-ஆஃபில் கிடைத்திருக்கும் அரசு வேலை கைவிட்டுப் போனது. இன்றைக்கும் தனியார் பள்ளிச் சம்பளம்தான்.

இந்து என்று வைத்திருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். என் கோபமெல்லாம் எஸ்சி பட்டியலில் யார் யார் வருவார்கள் என்று சொல்லும் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மேல். அதில் முதலில், பஞ்சாப் பக்கத்துச் சில சீக்கியச் சாதிகளைத் தவிர, இந்துக்கள் மட்டும்தான். 1956இல் மற்றச் சீக்கியரையும் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரை. நாம் இன்னும் வெளியே. நான் ஞானஸ்நானம் எடுத்ததும் ஊர் டீக்கடையில் என் டம்ளர் மாறிவிடவில்லை. சான்றிதழ் மட்டும் மாறியது. அதனால்தான் அந்த ஆணை வந்த நாளான ஆகஸ்ட் 10ஆம் தேதி ஒவ்வொரு வருஷமும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு போய் நிற்கிறேன். பொய் எழுத மாட்டேன், உரிமையையும் விட மாட்டேன்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். 1956இல் நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவியவர்களும் மத்திய அரசின் எஸ்சி பட்டியலுக்கு வெளியேதான் நின்றார்கள், 1990 வரை. இழப்பு என்று தெரிந்தும் அவர் பின்னால் போனார்கள். நீங்கள் அம்பேத்கரை விட்டுவிடவில்லை.

கேள்வி கேட்டவர்:
அக்கா, நாக்பூர் விஷயம் அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்கிறேன். இ-சேவையில் விண்ணப்பிக்கும்போது சபையின் ஞானஸ்நானச் சான்று கேட்டார்களா? எங்கள் பாஸ்டர் எழுதித் தருவாரா என்பதுதான் இப்போது சந்தேகம்.