அல்டிமேட் ஸ்பைடர்மேன் முதல் இதழ்: அங்கிள் பென் உயிரோடு இருந்தால் அது ஸ்பைடர்மேன் கதைதானா?

நூலாம்படை (கேள்வி)

ஜோனதன் ஹிக்மன் எழுதி மார்கோ செக்கெட்டோ வரைந்த புது அல்டிமேட் ஸ்பைடர்மேன் (ஜனவரி 2024) முதல் இதழை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன், முடித்த கையோடு திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

இந்த பீட்டருக்கு, அதாவது ஸ்பைடர்மேன் ஆக வேண்டிய பீட்டர் பார்க்கருக்கு, முப்பது தாண்டிவிட்டது. தாடி வைத்திருக்கிறான். மேரி ஜேன் மனைவி, ரிச்சர்ட், மே என்று இரண்டு பிள்ளைகள், டெய்லி பியூகிள் பத்திரிகையில் வேலை. அவனுக்கு சக்தி தர வேண்டிய சிலந்தி சின்ன வயதில் அவனைக் கடிக்கவே இல்லை. மேக்கர், அதாவது மார்வெலின் பழைய அல்டிமேட் உலகத்தில் (வழக்கமான கதைகளிலிருந்து தனியாக நடந்த மாற்று உலகம் அது) கெட்டுப்போன விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸ், இந்த உலகத்தில் யார் யார் ஹீரோ ஆக வேண்டுமோ அவர்களை எல்லாம் ஆகவிடாமல் முன்கூட்டியே தடுத்துவிட்டான். சின்ன வயதில் பீட்டரிடம் வந்திருக்க வேண்டிய சிலந்தியும் அப்படித்தான் வராமல் போனது. ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் அவனுக்குத் தெரிகிறது, அது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துவிட்டேன். எனக்கும் முப்பத்தாறு ஆகிறது, பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள், பள்ளிக்கூட வயதிலிருந்து நான் படித்துவந்த ஆள் முதல்முறையாக என் வயதில் வந்து நிற்கிறான்.

என் கேள்வி இதுதான். பழைய கதையில் பீட்டர் கண்டுகொள்ளாமல் விட்ட திருடன்தான் அவனை வளர்த்த அங்கிள் பென்னைக் கொல்கிறான், அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அவன் ஸ்பைடர்மேனாக நிற்கிறான். இதில் அங்கிள் பென் உயிரோடு இருக்கிறார், இறந்தது ஆன்ட்டி மே. அதற்கும் பீட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவன் எதையும் கண்டுகொள்ளாமல் விட்டதால் நடந்த சாவு இல்லை அது. அப்படியானால் பொறுப்பு என்ற விஷயம் அவனுக்கு எங்கிருந்து வரும்? அந்தக் குற்ற உணர்ச்சி இல்லாமல் ஸ்பைடர்மேன் நிற்பானா? கதை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது, ஆனாலும் இந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பழையஇதழ்பெட்டி

நல்ல கேள்வி. முதல் கதையையே ஒருமுறை எடுத்துப் பாருங்கள், 1962 ஆகஸ்ட் தேதியிட்ட அமேசிங் ஃபேன்டஸி 15, ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் செய்தது. திருடன் ஓடிவருகிறான், பின்னால் போலீஸ்காரர் பிடி பிடி என்று கத்திக்கொண்டு வருகிறார், பீட்டர் ஸ்பைடர்மேன் உடையில் வழியிலேயே நிற்கிறான், காலை நீட்டியிருந்தால் போதும். திருடன் லிஃப்டுக்குள் போய்விடுகிறான், கதவு மூடிவிடுகிறது. போலீஸ்காரர் திட்டும்போது அது உங்கள் வேலை என்கிறான் பீட்டர். பிறகு அங்கிள் பென்னைக் கொன்றவனைத் துரத்திப் பிடித்து முகத்தைப் பார்த்தால் அதே ஆள்.

பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்ற வரியை அந்தக் கதையில் அங்கிள் பென் சொல்லவே இல்லை. கடைசிக் கட்டத்தில் பீட்டர் இருட்டுக்குள் நடந்து போகிறான், மேலே கதைசொல்லியின் குரலாக அது வருகிறது. பென் வாயில் அதை வைத்தது பின்னால் வந்தவர்கள். பீட்டர் அதைப் புரிந்துகொள்கிறான் என்பதுதான் முக்கியம், எப்படிப் புரிந்துகொள்கிறான் என்பது மாறலாம் என்று நான் நினைக்கிறேன். அங்கே சிலந்தி கடித்தது விபத்து. இங்கே டோனி ஸ்டார்க்கின் (அயர்ன் மேன் கதைகளில் வருகிறவர்) செய்தியோடு சிலந்தி கையில் வந்து சேர்கிறது, வேண்டாம் என்று சொல்ல எல்லா வசதியும் இருக்கிறது, அவன் தெரிந்தே கடிக்க விடுகிறான். எனக்கு இது அதைவிடக் கனமாகத் தெரிகிறது.

ராத்திரிவண்டி

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓவியம் அருமை, செக்கெட்டோ டேர்டெவில் காமிக்ஸ் வரைந்த காலத்திலிருந்தே எனக்குப் பிடித்தவர், மேத்யூ வில்சனின் வண்ணங்களும் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன. ஆனால் இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள ஒருவன், வாழ்க்கையில் ஏதோ குறைகிறது என்பதற்காக இதில் இறங்குவதைப் பொறுப்பு என்று எப்படிச் சொல்வது? பதினைந்து வயதுப் பையன் செய்தால் புரிகிறது. இவன் அடிபட்டுக் கிடந்தால் அந்த வீடு என்ன ஆகும்? என் அப்பா வேலை வேலை என்று வீட்டில் இல்லாமலே இருந்தவர், அதனால் எனக்கு இது சட்டென்று ஒட்டவில்லை. அடுத்த இதழ்களில் அந்தப் பிள்ளைகள் பக்கத்திலிருந்தும் கதை சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். இதழின் கடைசி வரை காத்திருந்தால்தான் சிலந்தியே கடிக்கிறது என்பதில் எனக்குக் குறை இல்லை, அந்தப் பொறுமை பிடித்திருந்தது.

மூன்றாம்மாடி

நண்பா, நீங்கள் தேடுகிற பொறுப்பு இந்த இதழிலேயே இருக்கிறது, பீட்டரிடம் தேடினால் கிடைக்காது. பென்னும், அவரோடு டெய்லி பியூகிளில் இருக்கிற ஜேம்சனும் வருகிற பக்கங்களைத் திரும்பப் படியுங்கள். பத்திரிகை வில்சன் ஃபிஸ்க் (கிங்பின் என்ற வில்லன்) கையில் இருக்கிறது, அவன் சொல்வதைத்தான் போட வேண்டும் என்ற நிலை. இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது, வாயை மூடிக்கொண்டு மீதி நாளை ஓட்டலாம். அவர்கள் வேலையை விட்டு வெளியே வருகிறார்கள். இருவரிடமும் எந்த சக்தியும் இல்லை. சக்தியே இல்லாத மனிதர் பொறுப்பை எடுத்துக்கொள்வதை பீட்டர் கண்ணெதிரே பார்க்கிறான். செத்துப்போய்ப் பாடம் சொன்ன பென்னை அறுபது வருஷம் படித்தாயிற்று, இருந்து வாழ்ந்து காட்டுகிற பென் எனக்குப் புதுசு, அந்த மனிதர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருக்கிறது.

இன்னொன்று. 1987ல் பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம் ஆனது, 2007ல் ஒன் மோர் டே கதையில் ஆன்ட்டி மேயின் உயிரைக் காப்பாற்ற அந்தக் கல்யாணத்தையே மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் கொடுத்தார்கள், அது நடக்காததாகவே ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அப்புறம் பல வருஷம் ஸ்பைடர்மேன் பக்கமே போகவில்லை. இப்போது இந்த இதழைப் பாருங்கள், கல்யாணம் இருக்கிறது, ஆன்ட்டி மே இல்லை. ஹிக்மன் அதை நினைத்து எழுதினாரா தெரியாது, எனக்கு அந்தப் பழைய கணக்கு நேரானது போல இருந்தது. மேரி ஜேன் இதில் அழுதுகொண்டு வாசலில் காத்திருக்கிற மனைவி இல்லை, அவனோடு சரிசமமாகப் பேசுகிறவள். பதினேழு வருஷமாக நான் கேட்டது இதைத்தான்.

நூலாம்படை

பென், ஜேம்சன் விஷயத்தை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன், காலையில் டீ குடிக்கும்போது அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி படித்தேன். சரிதான். என் அப்பாவும் ஒருமுறை இப்படி ஒரு வேலையை விட்டுவிட்டு வந்தார், அந்த வயதில் எங்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது, வீட்டில் ஒரு மாதம் யாரும் சரியாகப் பேசவில்லை.

ராத்திரிவண்டி சொன்னதும் நியாயம்தான். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த இதழைத் திறக்கப்போகிறேன். இன்னொரு சின்னக் கேள்வி, மேக்கர் பற்றி எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முன்னால் எதையாவது படித்திருக்க வேண்டுமா? என் தம்பிக்கும் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன், அவன் படங்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

பழையஇதழ்பெட்டி

தம்பிக்கு நேராக இதையே கொடுங்கள், ஒன்றும் புரியாமல் போகாது. உங்களுக்கு 2023ல் வந்த அல்டிமேட் இன்வேஷன், நான்கு இதழ்கள், அதுவும் ஹிக்மன்தான், ஓவியம் பிரையன் ஹிட்ச். மேக்கர் இந்த உலகத்தை என்ன செய்தான் என்பது அதில் இருக்கிறது. அதற்கு அடுத்து அல்டிமேட் யுனிவர்ஸ் என்று ஒரே ஒரு இதழ். முதல் அச்சு கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம், ஸ்பைடர்மேன் முதல் இதழ் விற்றுத் தீர்ந்து மறுபடி மறுபடி அச்சாகியிருக்கிறது, அட்டைதான் வேறு, உள்ளே அதே பக்கங்கள். தம்பி படித்ததும் பென் பற்றி என்ன சொன்னான் என்று இங்கே எழுதுங்கள்.