சிறப்புக் கல்வி வகுப்புக்கு இன்னோர் உதவியாளர் தேவையா?

கிராணி மகன்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், திரட்டிய நிதியில் சிறப்புக் கல்வி வகுப்புக்கு இன்னோர் உதவியாளரை அமர்த்தப் போகிறதாம். அரசாங்கம் நியமித்த மாணவர் நிர்வாக உதவியாளர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். நான் இதை எதிர்க்கிறேன். அந்தப் பணத்தில் பேச்சுப் பயிற்சியாளரை மாதம் இருமுறை வரவழைக்கலாம். இப்போது அதற்கு ஈப்போவுக்கு அல்லவா அலைகிறோம்? என் மகனும் அந்த வகுப்பில்தான் படிக்கிறான். நோட்டில் முத்து முத்தான எழுத்து. வீட்டில் பென்சிலைக் கொடுத்தால் 'அ' போடத் தெரியவில்லை. எழுதியது அவன் கையைப் பிடித்திருந்த உதவியாளர்.

லயத்து மகள்: அண்ணன், உங்கள் பையன் தானாகக் கழிப்பறைக்குப் போவான். என் மகளுக்குப் பேம்பர்ஸ் மாற்ற வேண்டும். அதற்காக உதவியாளர் வெளியே போனால் வகுப்பில் ஆசிரியை ஒருவர்தான். அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஒரு பையன் காலணிகூடப் போடாமல் வாயிற்கதவை நோக்கி ஓடினான். வெளியே செம்பனைக் குலை லாரிகள் போகும் சாலை! ஆசிரியை ஓடிப்போய்ப் பிடித்தார். மற்றப் பிள்ளைகளை அதுவரை யார் பார்த்தது? எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019-இல் வந்தது. சேர்த்துக்கொண்டால் மட்டும் போதுமா? மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை பேம்பர்ஸுக்கே சரியாகிவிடுகிறது. சொந்தச் செலவில் ஆள் வைக்க எங்களுக்கு ஏது வழி?

கிராணி மகன்: பாதுகாப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் 2009-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற மாணவர்கள், தங்களைப் போன்ற மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் நடுவே உதவியாளர் சுவராகிவிடுகிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, அந்த ஆய்வில் பாதியைத்தான் சொன்னீர்கள். அது உதவியாளர்கள்மீது பழி போடவில்லை. பள்ளிகள் அவர்களைப் பயன்படுத்திய விதத்தைத்தான் குறை சொன்னது. பெரும்பாலான ஆசிரியர்களுக்கு உதவியாளருடன் சேர்ந்து பணியாற்றப் பயிற்சி இல்லை. பாடத்தைப் பற்றிக் கலந்து பேச நேரமும் இல்லை. பின்தங்கிய பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினார். அதே நாட்டில், பயிற்சி பெற்ற உதவியாளர்கள் சிறு குழுக்களுக்குத் திட்டமிட்டபடி பாடம் நடத்திய சோதனைகளில் மூன்று நான்கு மாதக் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது.

உங்கள் மகனின் கையைப் பிடித்து எழுதியது தவறுதான். முதலில் கையைப் பிடித்தாலும், சில வாரங்களில் மணிக்கட்டை மட்டும் தாங்க வேண்டும். அடுத்து முழங்கையைத் தொட்டால் போதும். பிறகு விட்டுவிட வேண்டும். எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை மட்டும் முடித்து வேலைக்கு வந்தவருக்கு இதை யார் செய்து காட்டினார்கள்? நோட்டு நிறையவில்லை என்றால் பெற்றோரும் சண்டைக்கு வருகிறார்கள்.

லயத்து மகள்: அந்த உதவியாளர் அம்மாதான் கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றிக் கொடுத்து, ஊட்டிவிடாமல் என் மகள் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பாதிச் சோறு சட்டையில்தான் விழுந்தது. இன்று அவள் தானே சாப்பிடுகிறாள். இப்படி ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார ஒருவரால் முடியுமா?

கிராணி மகன்: சரி அக்கா, ஆனால் இரண்டு நிபந்தனை. தினமும் வகுப்புக்கு முன் ஆசிரியையும் உதவியாளர்களும் இருபது நிமிடம் கலந்து பேச வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்த உதவியை எப்போது குறைப்பது என்று எழுதி வைக்க வேண்டும். தீர்மானத்தில் இவை இல்லையென்றால் கூட்டத்தில் எதிர்த்தே கை தூக்குவேன். பேச்சுப் பயிற்சியாளரையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஆசிரியைக்கு அந்த இருபது நிமிடம் எங்கிருந்து வரும்? காலைச் சபைகூடல் கடமையிலிருந்து அவருக்கு விலக்குக் கேளுங்கள். தலைமையாசிரியரைப் பார்க்க நானும் வருகிறேன்.

லயத்து மகள்: எழுதிக் கொடுங்கள், நானே முன்மொழிகிறேன். ஆனால் பேச்சுப் பயிற்சியைக் காட்டி உதவியாளரைத் தள்ளிப்போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.