புதுப்பிப்பு: டிசம்பர் கால்பந்தும் குடும்ப நேரமும், வழி கிடைத்தது

டிசம்பரில் ஆட்டங்கள் குவியும்போது குடும்பத்துக்கு எப்படி நேரம் ஒதுக்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, வீட்டாரோடு உட்கார்ந்து அட்டவணையைப் பார்த்து, தவறவிடக் கூடாத ஆட்டங்களை மட்டும் முன்கூட்டியே குறித்துவைக்கச் சொன்ன யோசனைதான். ஜெர்மனி, ஸ்பெயின் லீக்குகள் கிறிஸ்துமஸை ஒட்டி ஓய்வெடுக்கின்றன. இங்கிலாந்திலோ அப்போதுதான் அடுத்தடுத்து ஆட்டம். அந்த வாரத்துக்குத்தான் உண்மையில் திட்டம் தேவைப்பட்டது. பதிவுசெய்து இரவில் பார்ப்பது சரிவரவில்லை, ஸ்கோர் எப்படியும் காதில் விழுந்துவிடுகிறது.

எதிர்பாராதது: ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் 2022 டிசம்பர் 18 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை (அர்ஜென்டினா–பிரான்ஸ் 3-3, பெனால்டியில் 4-2) முழுதாகச் சேர்ந்து பார்த்தோம். அவ்வளவு சந்தோஷம்!

தொலைக்காட்சிக்காக ஆட்ட நேரங்கள் மாறும். குறித்த பிறகும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.