மாலத்தீவு லிவ்அபோர்ட்: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

மதுரைப் பக்கமிருந்து யாராவது படகிலேயே தங்கி டைவ் அடிக்கும் லிவ்அபோர்ட் பயணம் போயிருக்கிறீர்களா? நானும் தம்பியும் பிப்ரவரியில் மாலத்தீவு போகிறோம், இங்கே ஏறி கொழும்பு வழியாக மாலே, அப்புறம் ஒரு வாரம் படகில்தான் வாசம்.

சாப்பாடு, கேபின் பற்றியெல்லாம் கவலையில்லை. நீரோட்டம்தான் பயமாக இருக்கிறது. அடோல்களுக்கு (வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டங்கள்) நடுவே இருக்கும் கால்வாய்களில் தண்ணீர் வேகமாக இழுக்குமாம், பாறை விளிம்பில் ரீஃப் ஹூக்கை (கயிறு கட்டிய கொக்கி) மாட்டிக்கொண்டு, பட்டம் மாதிரி அந்தரத்தில் நின்றபடியே சுறாக்களைப் பார்க்க வேண்டுமாம். தம்பி அட்வான்ஸ்டு டைவிங் கோர்ஸ் முடித்துவிட்டான். என்னிடம் இருப்பது ஆரம்பநிலை ஓப்பன் வாட்டர் சான்றிதழ் மட்டும், 18 மீட்டர் வரைதான். அங்கே 30 மீட்டர் வரை இறங்குவார்கள். கிளம்பும் முன்னாலேயே புதுச்சேரியில் அட்வான்ஸ்டு முடித்துவிடலாமா, இல்லை படகிலேயே படிக்கலாமா? முடித்துவிட்டுப் போவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது, நம்மால் கூட வருகிறவர்களின் டைவ் கெடக் கூடாது இல்லையா.

மாஸ்க் சொந்தமாக வாங்கிவிட்டேன், முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க்கில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தால் எதையும் ரசிக்க முடியாது. டைவ் கம்ப்யூட்டரும் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் கருவி) வாங்க வேண்டுமா, வாடகைக்கு எடுத்தால் போதுமா?

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதால் திரும்பும் டிக்கெட்டை இன்னும் போடவில்லை. மாலேயில் ஒரு ராத்திரி தங்க நல்ல இடம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.