மறு: ஃபுட் அடிக்‌ஷன் – ‘உணவுப் பிணிப்பு’ சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். ‘ஃபுட் அடிக்‌ஷன்’, அதாவது சில உணவுகளை விட நினைத்தும் விட முடியாமல் உண்ணும் நிலைக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ‘உணவு அடிமைத்தனம்’ என்றே வைத்துவிடலாம். ‘போதைக்கு அடிமை’ ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

தெரிந்த சொல்தான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. ‘அடிமை’ ஆளைச் சுட்டும் சொல். மருத்துவக் குறிப்பில் அதை எழுதினால் நோயின் பெயர் நோயாளியின் மேல் வசையாக ஒட்டிக்கொள்ளும். ‘குடிகாரன்’ என்பதை விட்டுக் ‘குடிநோயாளி’ என்று சொல்லப் பழகியதே பெரும்பாடு. உடல் எடைக்காக ஏற்கெனவே ஏச்சு கேட்பவர்களுக்கு நாம் இன்னொன்றை உண்டாக்கித் தர வேண்டாம்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. இப்படி ஒரு நோய் உண்டா என்பதிலேயே ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நம் சொல் எந்தத் தரப்புக்கும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ‘உணவுப் போதை’ எனக்கு ஒவ்வாததும் இதனால்தான். உணவில் போதைப்பொருள் இருக்கிறது என்று அந்தச் சொல்லே முடிவு கட்டிவிடுகிறது.

1956இல் அமெரிக்க மருத்துவர் தெரோன் ராண்டால்ஃப் இந்தப் பெயரில் கட்டுரை எழுதியபோது மக்காச்சோளம், கோதுமை, பால், முட்டை, உருளைக்கிழங்கு என்றெல்லாம் பட்டியலிட்டார். இன்று பேசப்படுவது அவற்றையல்ல. சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து ஆலையில் செய்த தின்பண்டங்களை. 2009இல் ஆஷ்லி கியர்ஹார்ட்டும் உடன் ஆய்ந்தவர்களும் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு அளவுகோல் வகுத்தார்கள். விட நினைத்தும் விட முடியாமை, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்தல் என, போதைப்பொருளுக்கு மனநல மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளையே உணவுக்குத் திருப்பிக் கேட்டார்கள். ஆனால் 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, சூதாட்டத்தைப் போதைப்பழக்க நோய்களின் பிரிவில் சேர்த்துக்கொண்டது, உணவைச் சேர்க்கவில்லை.

நம் சொல்லாக்கத்துக்கு முக்கியமான திருப்பம் 2014இல் வந்தது. யோகனஸ் ஹெபெப்ராண்டும் மற்றவர்களும், ‘ஃபுட் அடிக்‌ஷன்’ என்று சொல்லாதீர்கள், ‘ஈட்டிங் அடிக்‌ஷன்’ என்று சொல்லுங்கள் என வாதிட்டார்கள். குற்றவாளி பண்டமா, உண்ணும் செயலா என்பதே கேள்வி. ஆகவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும், இரண்டுக்கும் ஒரே வேர் இருக்க வேண்டும்.

வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்று பார்க்க எலிச் சோதனை ஒன்றே போதும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பார்ட்லி ஹோபல், நிக்கோல் அவேனா குழுவினர் எலிகளை நாளுக்கு 12 மணி நேரம் பட்டினி போட்டு, மீதி நேரம் வழக்கமான தீனியோடு சர்க்கரைக் கரைசலும் கொடுத்தார்கள். எலிகள் கரைசலை மடமடவென்று குடித்தன. அபின் வகை மருந்தின் விளைவைத் தடுக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன, முன்பாதம் நடுங்கியது. போதைப்பொருளை நிறுத்தும்போது தோன்றும் அறிகுறிகள் போன்றவை இவை. சர்க்கரையே குற்றவாளி என்று தோன்றும். ஆனால் நாள் முழுதும் சர்க்கரை கிடைத்த எலிகளிடம் இந்தக் கோலம் இல்லை. பட்டினியும் விருந்தும் மாறி மாறி வருவதே இதற்குக் காரணம் என்று 2016இல் மார்கரெட் வெஸ்ட்வாட்டர், பால் ஃபிளெச்சர், ஹிஷாம் ஜியாவுதீன் எழுதினார்கள். எனக்கு அவர்கள் வாதமே வலுவாகப் படுகிறது. ஆனாலும் கலைச்சொல்லில் என் சாய்வு தெரியக் கூடாது.

> மணிமேகலையில் வரும் ‘யானைத்தீ’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, அழகான சொல்தான், மனமில்லாமல்தான் மறுக்கிறேன். யானைத்தீ என்று அந்தக் காப்பியத்தில் காயசண்டிகைக்கு வந்தது எவ்வளவு உண்டாலும் தீராத பசி. நாம் பேசுவதோ பசியே இல்லாதபோதும் கை பொட்டலத்தை நோக்கிப் போவது. பசியையும் வேட்கையையும் ஒரே சொல்லில் அடைத்தால் நோய்க்குறியே மாறிவிடும்.

என் பரிந்துரை ‘பிணிப்பு’. கட்டுதல் என்பதே அதன் பொருள்; பக்கத்திலேயே ‘பிணி’யும் நிற்கிறது. ‘கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்’ என்ற குறளில் இருப்பது கயிற்றால் கட்டுவதல்ல, ஈர்த்துக் கட்டுவது. நமக்கு வேண்டிய பொருளும் அதுவே. பண்டத்தைச் சொன்னால் உணவுப் பிணிப்பு, செயலைச் சொன்னால் உண்ணல் பிணிப்பு. பிணிப்பூட்டும் தின்பண்டம், பிணிப்புற்றவர், சூதாட்டப் பிணிப்பு என்று எப்படித் திருப்பினாலும் வளைந்து கொடுக்கிறது. யாரையும் இழிவு செய்யவில்லை.

வேதியியல் ‘பிணைப்பு’ஓடு குழம்பும் என்று தம்பி ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். எழுத்துப்பிழைக்கு இடமுண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அணுவும் மூலக்கூறும் வரும் பத்தியில் இந்தச் சொல் வருவது அரிது. இடமே பொருளைக் காட்டிவிடும்.

‘பிஞ்ச் ஈட்டிங்’குக்கு மருத்துவர் அம்மா தந்த ‘மிகையுண்ணல்’ மட்டும் இடிக்கிறது. விருந்தில் நாம் எல்லாரும் மிகையாக உண்பவர்கள்தான். அந்தக் கோளாறில் குறுகிய நேரத்துக்குள், நிறுத்தும் வலு கைவிட்டுப்போன நிலையில் உண்கிறார்கள். அது வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர வேண்டும் என்கிறது அதே கையேடு. ‘கட்டற்றுண்ணல்’ பொருந்துமா, அம்மா? எதுவானாலும் அது கையேட்டில் ஏறிய நோய், உணவுப் பிணிப்பு ஏறாதது. சொற்பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே போடும்படி தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.